வாப்பாவின் மிஸ்டு கால்

அத்தியாயம் 14

பள்ளிக்கூட வாசலில் ஜலஜா கேட்ட கேள்வியோடுதான் ஹபீஸாவை விட்டுவிட்டு வந்திருந்தோம். "நாலு தடவை கூப்பிட்டேன். ரிங் போகுது, நீ எடுக்கவே மாட்டேங்கறே. எம்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்ட அந்தப் பக்கத்து அபார்ட்மென்ட்டுக்காரி, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு தடவை கூப்பிட்டும் காட்டினாள். ஜலஜாவின் காதில் மணி போனது. ஹபீஸாவின் கைப்பையில் இருந்த போன் மூச்சுக்கூட விடவில்லை.

அன்றைக்குப் போன தூக்கம் ஹபீஸாவுக்கு இன்னும் திரும்பவில்லை. ஒரு சொத்தைப் போனுக்காகவா ஒருத்திக்குத் தூக்கம் போகும் என்று கேட்பவர்கள், மிஸ்டு கால் சங்கதியைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிராம்பட்டினத்திலிருந்து நியூஜெர்ஸிக்குப் பேசினால் காசு கரையும். இங்கிருந்து காலிங் கார்டு போட்டால் ஊர்வம்பு முழுவதையும் பேசி முடிக்கலாம். அதனால் ஊரில் இருப்பவர்கள் ரெண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள், இவள் திருப்பிக் கூப்பிடுவாள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த வித்தைதான் இது. ஹபீஸாவின் வாப்பா மட்டும் அதில் ஒரு சட்டம் சேர்த்திருந்தார். நெஞ்சுக்கு மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அவருக்குக் கண்ட நேரத்தில் கண் சொக்கும். "நான் மிஸ்டு கால் கொடுத்தா முழிச்சிருக்கேன்னு அர்த்தம், கூப்புடு. கொடுக்கலேன்னா தூங்குறேன், எழுப்பாதே புள்ள" என்று சொல்லிவைத்திருந்தார்.

நோன்பு மாதத்தில் அந்த மணிக்குத் தனி ருசி. அங்கே ஸஹர் நேரம், விடியாத இருட்டில் வாப்பா சோறு முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இங்கே பிஸ்கட்டவேயில் அப்போதுதான் பொழுது சாயும், நோன்பு திறக்கிற நேரம். வாப்பாவின் நோன்பு தொடங்கும் வேளையில் மகளின் நோன்பு முடியும். போன வருஷம் வரை பேரீச்சம்பழத்தை வாயில் போடுவதற்கும் அந்த ரெண்டு ரிங் வருவதற்கும் சரியாக இருக்கும்.

இந்த வருஷம் நோன்பு பாதியான பிறகு மணி அடிக்கவில்லை. "வாப்பா தூங்குறாங்க போல மச்சான்" என்று கணவன் பாரூக்கிடம் சொல்லிவிட்டு, எழுப்பக் கூடாது என்று இவள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் வாப்பா மவுத்தாகிவிட்டார் என்ற சாவுச் செய்தி பாரூக்கின் போனுக்கு வந்தது.

அந்தப் போனை வாங்கி இவள் காதில் வைத்தபோது இவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் தௌபீக் சொன்னது இவ்வளவுதான். "மூணு நாளா ஸஹர் நேரத்துல வாப்பா ஒனக்கு மிஸ்டு கால் கொடுத்துக்கிட்டே கெடந்தாங்க. ஒனக்கு நேரமில்ல. இனிமே நேரம் கெடச்சு என்னம்மா பண்ணப் போற?"

க்ரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நிற்கிறது, பயண அனுமதி கைக்கு வரவில்லை. அடக்கத்துக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் போக முடியவில்லை. உம்மா இத்தாவில், கைம்பெண் வெளியே வராமல் இருக்கும் நாட்களில், இருக்கிறாள், இவள் கூப்பிட்டால் போன் பக்கம் வருவதே இல்லை. போன் கெட்டிருந்தது என்று இந்த வாரம் இவள் சொன்னபோது தௌபீக், "இப்ப ஃபோன் மேல பழியப் போடுறியா?" என்று கேட்டு வைத்துவிட்டான்.

இன்று சனிக்கிழமை. ஊரில் வாப்பாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிறார்கள்.

"மச்சான், கடை தொறந்திருப்பாங்க. கெளம்புங்க" என்றாள் ஹபீஸா, கோட்டை மாட்டிக்கொண்டே.

பாரூக் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி எந்தச் சர்வர் படுத்தாலும் எழுப்புவது இவனைத்தான்.

"அதுக்கு எதுக்கு ஹபீ கடை வரைக்கும் போகணும்? கான்ட்ராக்டை பாதியில முறிச்சா ஒரு ஃபீ கேப்பான். கட்டிட்டு வெளிய வந்துடலாம். புது ஃபோன் இன்னிக்கே ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடறேன்."

வெங்காயம் இன்னொரு கடையில் மலிவு என்று கேள்விப்பட்டால் ஹைவேயிலிருந்து வண்டியை இறக்குகிற மனுஷன், இன்று கேட்பதற்கு முன்பே தண்டம் அழத் தயாராக இருந்தான். ஹபீஸாவுக்கு ஆச்சரியம்தான். வாப்பாவை இழந்தவளை அலைய வைக்க வேண்டாம் என்று நினைக்கிறான், பாவம், என்று எடுத்துக்கொண்டாள். அவன்மேல் கொஞ்சம் பிரியம்கூடப் பொங்கியது.

"காசுக்காக இல்ல மச்சான். காசைக் கட்டினா நாமதான் விட்டுட்டுப் போனோம்னு ஆயிடும். ஃபோன்லதான் குத்தம்னு அவங்க ஒத்துக்கிட்டு விடணும். அப்பத்தான் காக்காகிட்டயும் உம்மாகிட்டயும் என்னால வாயத் தொறக்க முடியும்."

"அவங்க நம்பலேன்னா?"

"நம்பலேன்னா அல்லாஹ் விட்ட வழி. நான் வாப்பாவ வேணும்னு விடலேன்னு ஒரு ஆளாவது சொல்லட்டுமே."

பாரூக் லேப்டாப்பை மூடினான். மகள் ஆஃபீஃபாவை ஜலஜா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வழி நெடுக அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வந்தான்.

எடிசன் மாலில் கூட்டம் நெரிந்தது. நன்றி நாள் தள்ளுபடி வந்துவிட்டதே! போன் கடையின் வாசலில் பலூன் கட்டி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தார்கள். போன வருஷம் இதே பலூனுக்கு மயங்கித்தான் இவர்களும் ஒரே அச்சில் வார்த்த ரெண்டு கறுப்பு மடக்குப் போன்களை வாங்கி, இரண்டு வருஷக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார்கள். கையோடு வீட்டு லேண்ட்லைனையும் வெட்டிவிட்டார்கள். மூன்று எதற்கு, ரெண்டு போதாதா என்று பாரூக் கேட்டது அப்போது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

கவுன்ட்டரில் ஆஷ்லி என்று பெயர்ப் பட்டை குத்திய, மாநிறமான ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஹபீஸா தன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஆஷ்லி போனை வாங்கி, திறந்து, மூடி, கடைப் போனிலிருந்து அதைக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது. கணீரென்று அடித்தது.

"வொர்க்ஸ் ஃபைன், மேம்" என்றாள் ஆஷ்லி.

ஹபீஸாவுக்கு அந்தப் போனைத் தரையில் போட்டு மிதிக்கலாம் போல இருந்தது. ஊரில் வேலைக்காரி எசமானியைப் பார்த்ததும் விளக்குமாற்றை எடுப்பதுபோல, கடைக்காரி முன்னால் மட்டும் என்ன வாய்!

"அதான் அடிக்குதே ஹபீ. வா, போலாம்" என்று பாரூக் அவள் முழங்கையைத் தொட்டான்.

"இருங்க மச்சான். மொதல்ல எப்பவாச்சும்தான் இப்படி இருந்திருக்கும், இப்ப முத்திப்போச்சு. தொட்டுப் பாத்தா அடிக்கும். மூடி வச்சுக் கொஞ்ச நேரம் யாரும் தொடாம இருந்தாத்தான் இதுக்குக் காது அடைச்சுப் போவுது. நான் வீட்டுல ஜலஜாவ வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்." அவள் ஆஷ்லி பக்கம் திரும்பி அதை ஆங்கிலத்தில் கோக்கத் தொடங்கினாள். அதற்குள் ஆஷ்லி சிரித்துவிட்டாள்.

"இட்ஸ் ஓகே ஆன்ட்டி. ஐ அண்டர்ஸ்டேண்ட். எங்க மாம், டாட் தூத்துக்குடி. எனக்குப் புரியும், பேசத்தான் சரியா வராது."

மேடம் ஆன்ட்டியாகிவிட்டாள். ஹபீஸாவுக்குத் தெம்பு வந்தது. பாரூக்குக்கு முகம் சுருங்கியது. தமிழ் தெரிந்த காது பக்கத்தில் இருப்பது எல்லாருக்கும் எல்லா நேரமும் பிடிப்பதில்லை.

போனை மூடி, கண்ணாடி மேஜையின் ஓரத்தில் வைத்தாள் ஆஷ்லி. யாரும் தொடக் கூடாது என்று மற்ற ஆட்களிடமும் சொன்னாள். இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் பார்வைக்கு வைத்திருந்த போன்களை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஹபீஸா அந்தக் கறுப்புப் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எவனாவது தொட்டுவிடுவான் என்று பயம்.

"எவ்ளோ நேரம்? அந்தப் பொண்ணே கூப்பிட்டுப் பாக்கட்டும், முடிஞ்சுது" என்றான் பாரூக்.

"இல்ல மச்சான். காக்கா கூப்பிடணும்."

"தௌபீக்கா? இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். காக்கா காதால கேக்கணும். ஒங்க ஃபோனைக் கொடுங்க."

பாரூக் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். "வீடு பூரா ஆள் இருக்கும் ஹபீ. பாத்திஹா இப்பத்தான் முடிஞ்சிருக்கும். அப்புறமா நானே அவர்கிட்ட எடுத்துச் சொல்றேன்."

"கொடுங்க மச்சான்."

கொடுத்தான். அவள் காலிங் கார்டின் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டே அழுத்துவாள், அத்தனை பழக்கம். மணி போனது. பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தத்தோடு தௌபீக்கின் குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நான் ஹபீஸா."

சலாமுக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னான்.

"காக்கா, ஒரே ஒரு ஒதவி. வாப்பாட ஃபோன் இருக்குதுல்ல? அதுலேருந்து என் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க."

"என்னா வெளையாடுறியா? இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். காலையிலேருந்து யாசீன் ஓதிட்டுத்தான் வந்தேன். காக்கா, இதுக்கப்புறம் நான் எதுவுமே கேக்க மாட்டேன். நீங்க பேச வேணாம்னா பேச வேணாம். இது ஒண்ணு மட்டும்."

தௌபீக் நெடுமூச்சு விட்டான். யாரிடமோ எதையோ எடுத்துவரச் சொன்னான். ஆஷ்லி கவுன்ட்டருக்கு வெளியே வந்து போனின் பக்கத்தில் நின்றுகொண்டாள். பாரூக் எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்தான்.

"போடுறேன்" என்றான் தௌபீக்.

ஹபீஸா மேஜையைப் பார்த்தாள்.

"ரிங் போவுது" என்றான் தௌபீக்.

கறுப்புப் போன் அசையவில்லை. முகப்பு வெளிச்சம் வரவில்லை. பக்கத்தில் ஒரு சிறுமி பார்வைக்கு வைத்திருந்த ஏதோ ஒரு போனில் பாட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிங் போவுதும்மா. எடு."

"காக்கா, இங்க அடிக்கல."

"என்னா அடிக்கல? போவுதே! என் காதுல போவுதே!"

"ஃபோன் என் முன்னால இருக்குது காக்கா. கடைக்காரப் பொண்ணும் பாத்துக்கிட்டு நிக்குது. அடிக்கல."

அவன் உடனே வைக்கவில்லை. ரெண்டு ரிங்கோடு நிறுத்துவதுதான் அந்த வீட்டு வழக்கம். இன்று காசு போனால் போகிறது என்று விட்டான். ஒரு காதில் வாப்பாவின் போன், இன்னொரு காதில் தங்கச்சி. இரண்டுக்கும் நடுவில் அந்த மனுஷன் உடைந்துபோனது ஹபீஸாவுக்கு இங்கே கேட்டது.

"இப்படித்தான் புள்ள" என்று அழுதான். "இப்படித்தான் லவுட் ஸ்பீக்கர்ல போட்டு நெஞ்சு மேல வச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. ரிங் போவுது, ரிங் போவுது, புள்ள இப்ப நோன்பு தொறந்துக்கிட்டிருக்கும், கூப்புடும்னாங்க. நாங்க கூப்புடறோம்னா விடல. நோன்பு தொறக்கற நேரத்துல புள்ளைக்கு நெஞ்சு வலின்னு சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நான் ஒன்னை என்னென்னமோ பேசிட்டேனேம்மா."

"பரவால்ல காக்கா. அழாதீங்க."

"உம்மா உள்ள இருக்காங்க. கொடுக்குறேன். கட் பண்ணிடாதே, கூட்டமா இருக்குது, உள்ள போறேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஊர் வீட்டின் சத்தம் அப்படியே வந்தது. பெண்கள் பேசுகிறார்கள், யாரோ தண்ணீர் கேட்கிறார்கள், தௌபீக்கின் செருப்புச் சத்தம் கூடத்தைக் கடக்கிறது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. நாற்பது நாளாக நெஞ்சில் இருந்த பாறை கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

ஆஷ்லியின் கண்ணும் கலங்கியிருந்தது. அவள் போனின் முதுகைத் திறந்து, பேட்டரியை எடுத்து, அடியில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போனாள். திரும்பி வந்து பாரூக்கிடம் ஆங்கிலத்தில் பேசினாள். போன் பழுது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருஷ உத்தரவாதம் முடிந்துவிட்டது, சட்டப்படி இன்னொரு பழைய செட் மாற்றிக் கொடுக்கத்தான் முடியும். கான்ட்ராக்டிலிருந்தே விடுவிக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு வழி உண்டு. இதே செட்டைப் பற்றி முன்பே புகார் சொல்லி, கம்பெனி சரிசெய்யாமல் விட்டிருக்க வேண்டும்.

"டிட் யூ எவர் கம்ப்ளெய்ன், அங்கிள்? இந்த நம்பருக்கு எதுவும் காட்டல."

போனைக் காதில் வைத்தபடியே ஹபீஸா தலையாட்டினாள். "இல்லம்மா. எங்களுக்கே போன வாரம்தான் தெரியும்."

ஆஷ்லி உதட்டைப் பிதுக்கினாள். கம்ப்யூட்டரை மூடப் போனாள்.

"யெஸ்" என்றான் பாரூக்.

ரெண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"ஜூன்ல. நான் கம்ப்ளெய்ன் பண்ணினேன். அந்த நம்பர்ல இருக்காது. என் நம்பர்ல பாரு."

ஆஷ்லி தட்டினாள். இருந்தது. இதே செட். மணி அடிக்கவில்லை என்று புகார். பழுதுபார்க்க அனுப்பப் பெட்டி அனுப்புகிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது, பெட்டி அனுப்பவே இல்லை. "தென் இட்ஸ் அவர் மிஸ்டேக், எங்க தப்பு" என்று அவள் சந்தோஷமாக நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் ஹபீஸாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஒங்க நம்பர்லயா?" என்றாள் ஹபீஸா. "ஒங்க ஃபோன் நல்லாத்தானே இருக்குது? இதோ நான் பேசிக்கிட்டிருக்கேனே."

பாரூக் தரையைப் பார்த்தான். "மாத்திட்டேன் ஹபீ."

"என்னத்த மாத்தினீங்க?"

"ஜூன்ல ரெண்டு தடவை ராத்திரி சர்வர் டவுன் ஆச்சு. ஆபீஸ்லேருந்து கூப்பிட்டு இருக்காங்க, எனக்கு அடிக்கவே இல்ல. வேலை போயிடும்ங்கற அளவுக்கு ஆயிடுச்சு. வேலை போனா க்ரீன் கார்டும் போயிடும். ரிப்பேருக்கு அனுப்பினா அதுவரைக்கும் ஃபோன் இல்லாம இருக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி செட்டு. நீ வீட்லதானே இருக்கேன்னு சிம்மை மட்டும் மாத்திப் போட்டுட்டேன். பெட்டி வந்ததும் அனுப்பிடலாம்னு... அப்புறம் மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

ஹபீஸாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மேஜையில் கஞ்சி, பேரீச்சம்பழம், ஆஃபீஃபாவின் ஜூஸ். வாப்பா தூங்குறாங்க போல மச்சான் என்று இவள் சொல்கிறாள். எதிரே இவன் உட்கார்ந்திருக்கிறான்.

"நோன்பு தொறக்கும்போது சொன்னேனே மச்சான். வாப்பாட மிஸ்டு கால் வரலேன்னு ஒங்ககிட்ட சொன்னேனே. அப்பக்கூடவா மறந்துட்டீங்க?"

அவன் கை காலியான சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அதுவே பதிலாகப் போயிற்று.

"ஹபீ..." என்றது காதில் ஒரு குரல்.

உம்மா. நாற்பது நாளுக்கு அப்புறம் உம்மா.

"உம்மா!"

"எங் கண்ணே. ஒம்மேல தப்பில்லயாம்மா. தௌபீக்கு இப்பத்தான் சொன்னான். நாந்தான் ஒன்னைத் தப்பா நெனச்சுக்கிட்டுப் பேசாம இருந்துட்டேன். பெத்த மனசு இப்படிக் கல்லாயிடுச்சே."

"இல்லம்மா. அப்படிச் சொல்லாதீங்க."

"வாப்பா ஒரு நிமிஷம்கூட ஒன்னைக் கோவிக்கல, தெரிஞ்சுக்க. நானும் தௌபீக்கும்தான் கோவிச்சோம். கடைசி நாளுகூட, புள்ள வேலையா இருக்கும், நாளைக்குக் கூப்புடும்னுதான் படுத்தாங்க." உம்மா மூக்கைச் சிந்தினாள். "தௌபீக்கு அன்னைக்கு மாப்பிள்ளையையும் ரொம்பப் பேசிட்டான். பொண்டாட்டிக்கு ஃபோன் எடுக்கக்கூடச் சொல்லிக் கொடுக்கலியான்னு கேட்டுட்டான். பாவம், அந்தப் புள்ள பொறுமையாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நிக்கிறான்."

ஹபீஸா பாரூக்கைப் பார்த்தாள். உம்மாவின் குரல் எப்போதும் பெரிய குரல், போனுக்கு வெளியிலும் கேட்கும். அவன் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஆஷ்லியும் குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"மாப்பிள்ளைக்கும் தெரியாமத்தானே இருந்திச்சு, ஃபோன் கெட்டுப்போனது?" என்று கேட்டாள் உம்மா.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. புருஷனை இழந்து மூலையில் உட்கார்ந்திருக்கிறவள், மகளின் புருஷன் நல்லவன் என்று கேட்டு ஆறுதல் படப் பார்க்கிறாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அந்த வீட்டில் இனி பாரூக்கின் பெயர் என்ன ஆகும் என்று ஹபீஸாவுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தனக்குள் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "அவங்களுக்கும் தெரியாது."

பாரூக் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

உம்மா துஆச் செய்துவிட்டு வைத்தாள். ஆஷ்லி சத்தமில்லாமல் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அபராதம் இல்லை, நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம், பழுது எங்களுடையது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. இதைக் கேட்டுத்தான் ஹபீஸா காலையில் கிளம்பி வந்தாள். இப்போது கையெழுத்துப் போடும்போது தன் பெயரின் எழுத்துகள்கூட யாருடையவோ போல இருந்தன.

"செட்டை நாங்க வாங்கிக்கணும், ஆன்ட்டி" என்றாள் ஆஷ்லி தயங்கித் தயங்கி.

ஹபீஸா கறுப்புப் போனை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும்மா."

ஆஷ்லி வற்புறுத்தவில்லை. சரியாக வராத தமிழை வரவழைத்து, "உங்க அப்பாவுக்கு நான் ப்ரேயர் பண்றேன்" என்றாள்.

வண்டி மாலை விட்டு வெளியே வந்து ரூட் ஒன்றில் ஏறியது. பாரூக்கின் போன், ஜூன் மாதம் வரை ஹபீஸாவுடையதாக இருந்த அந்தப் போன், இருவருக்கும் நடுவில் காப்பி டம்ளர் வைக்கிற குழியில் கிடந்தது. கெட்டது அவள் மடியில் இருந்தது. வெளியே மரங்களெல்லாம் இலை உதிர்த்து முடித்திருந்தன.

"திட்டு ஹபீ" என்றான் பாரூக். "ஏதாவது சொல்லு. உம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே? நான் சொல்லிடறேன். நானே சொல்லிடறேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னப்ப எனக்கு ஞாபகம் வந்துச்சு. இல்லேன்னு சொல்லல. நோன்பு முடிஞ்சதும் புதுசு வாங்கிடலாம்னு நெனச்சேன். இப்ப சொன்னா நீ சண்டை போடுவேன்னு... சின்ன விஷயம்னு நெனச்சேன் ஹபீ. வாப்பாவுக்கு அப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அழுகிறான் என்பது குரலில் தெரிந்தது. கல்யாணம் ஆகிப் பத்து வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவள் கை தானாக நீண்டிருக்கும். இன்று அந்தக் கையில் போன் இருந்தது.

ஓக் ட்ரீ ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது.

நடுக்குழியில் கிடந்த போன் அடித்தது.

ஒரு ரிங். ரெண்டு ரிங். நின்றுவிட்டது.

பாரூக் எட்டிப் பார்த்தான். யார் என்று காட்டாமல் 'அன்நோன்' என்று மட்டும் இருந்தது. ஊரிலிருந்து வருகிற மிஸ்டு கால் எல்லாம் அப்படித்தான் வரும். அவன் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. பச்சை விழுந்து, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தும் விடவில்லை.

ஹபீஸா தன் மடியில் இருந்ததைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். நடுக்குழியில் இருந்ததை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஓரமா நிறுத்திக் கூப்பிடுங்க மச்சான்" என்றாள். "காக்கா முழிச்சிருக்காங்க."